தானே மாறும் திரையை மதிப்பிடுதல்: பழனி வட்டார நூற்பாலையையும் கம்பிவட ஊர்தியையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிக்கலான தொழிலக அமைப்புகளை இயக்குவோருக்குத் தகவல் தரும் திரைகளும் விளக்குகளும், சூழலுக்கும் இயக்குபவரின் நிலைக்கும் ஏற்பத் தம்மைத் தாமே மாற்றிக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. இவை தகவமைவு இடைமுகங்கள் எனப்படும். வேலை எவ்வளவு விரைவாக முடிந்தது, பிழைகள் எத்தனை குறைந்தன என்னும் சராசரிகளைக் கொண்டே இவை பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. இடைமுகம் மாறும் கணம், அது தவறும் கணம், அது இல்லாமற்போகும் கணம் ஆகிய மூன்றையும் இச்சராசரிகள் மறைத்துவிடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பழனி வட்டார நூற்பாலைகளின் ரிங் ஃபிரேம் பிரிவும், பழனி மலையின் கம்பிவட ஊர்தியும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தகவமைவு இடைமுகம், மனிதக் காரணியியல், சூழல் விழிப்பு, பணிச்சுமை, நூற்பாலை, கம்பிவட ஊர்தி, பழனி

முன்னுரை

ஆடி மாதத்தில் பழனி மலையடிவாரத்தில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணக்கூடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று வலுத்தவுடன் ரோப் கார் நிறுத்தப்படும். வரிசையில் நின்றவர்களுள் சிலர் மின் இழுவை இரயிலை நோக்கி நகர்வர். சிலர் 690-க்கும் மேற்பட்ட படிகளை அண்ணாந்து பார்ப்பர். 1960களிலேயே இழுவை இரயில் வந்துவிட்ட இம்மலையில் ரோப் கார் 2004-இல் ஓடத் தொடங்கியது. பராமரிப்புக்காக அது நாள்தோறும் பிற்பகலில் ஒரு மணி நேரமும், மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல வாரங்களும் நிற்பதை ஊரார் அறிவர். இவை முன்கூட்டியே அறிவிக்கப்படும் நிறுத்தங்கள். காற்றுக்காக நிறுத்துவதை அப்படி அறிவிக்க இயலாது. கருவி காட்டும் அளவைக் கண்டு, தொங்கும் பெட்டிகளில் உள்ளோரை எண்ணி, அக்கணத்திலேயே எடுக்கவேண்டிய முடிவு அது.

மலையிலிருந்து கிழக்கே விரியும் சமவெளியில் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், திண்டுக்கல் எனத் தொடரும் நிலப்பரப்பு நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது. இவ்வாலைகளின் ரிங் ஃபிரேம் பிரிவில் ‘சைடர்’ எனப்படும் தொழிலாளி, பெரும்பாலும் இளம்பெண், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்களை ஒரே நேரத்தில் கவனிக்கிறார். அறுந்த இழையைக் கண்டு ஒட்டுவதே அவரது முதன்மைப் பணி. அண்மைக் காலம்வரை அவர் கண்ணையும் நடையையும் மட்டுமே நம்பினார். இப்போது, எங்கே போகவேண்டும் என்பதை விளக்குகள் அவருக்குச் சொல்லத் தொடங்கியுள்ளன.

இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று நேரெதிர். நூற்பாலையில் பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒவ்வொன்றின் விலையும் சிறிது. கம்பிவட ஊர்தியில் பிழை மிக அரிது. அதன் விலையோ உயிர். ஒரே மதிப்பீட்டு முறை இவ்விரண்டுக்கும் பொருந்துமா என்ற கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம்.

தகவமைவு என்னும் கருத்து

இயக்குபவர் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க திரை வேறு, தானே மாறும் திரை வேறு. முன்னதில் மாற்றத்தின் உரிமை மனிதரிடம் உள்ளது. பின்னதில் கணினியிடம் உள்ளது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் மதிப்பீட்டின் போக்கையே மாற்றுகிறது. தானே மாற்றியவருக்குத் தாம் எதை மறைத்தோம் என்பது தெரியும். திரை தானே மாறினால், மறைந்தது எது என்பதை அவர் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

இத்தகைய திரைகளுக்கான தேவை கற்பனையானதன்று. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு இயக்குபவர்கள் 275 எச்சரிக்கைகளை எதிர்கொண்டனர் என்று பிரித்தானிய அரசின் விசாரணை பதிவுசெய்தது. ஒரு நிமிடத்திற்கு 25 எச்சரிக்கைகள். அவற்றுள் முதன்மையானது எது, வெற்றோசை எது என்று பிரித்தறிய மனித மூளைக்கு நேரமில்லை. இதன் பின்னர் 1999-இல் வெளியான ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்னும் வழிகாட்டி, இயல்பான இயக்கத்தில் பத்து நிமிடத்திற்கு ஓர் எச்சரிக்கைக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்ற அளவை முன்வைத்தது. நெருக்கடி வேளையில் முதன்மையானவற்றை மட்டும் காட்டி ஏனையவற்றை அடக்கிவைக்கும் திரை வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களால் வலுப்பெற்றது. தகவமைவு இடைமுகம் தரும் வாக்குறுதி இதுவே. ஆனால் அடக்கிவைப்பது எதுவென்று தீர்மானிப்பவர் யார்?

விளக்கு எதைக் காட்டுகிறது?

ரிங் ஃபிரேமில் நிமிடத்திற்கு 15,000 முதல் 20,000 முறை சுழலும் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள வளையத்தின்மீது ‘டிராவலர்’ என்னும் சிறிய எஃகு வளைவு ஓடுகிறது. இழை அறுந்தால் டிராவலர் நின்றுவிடும். ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் தனித்தனியே கண்காணிக்கும் புதிய அமைப்புகள் இந்த ஓட்டத்தையே உணர்கின்றன. அறுதல் ஏற்பட்டால், இயந்திரத்தின் முனையில் ஒரு விளக்கு, அது அமைந்த பகுதிக்கு ஒரு விளக்கு, அந்த ஸ்பிண்டிலுக்கே ஒரு விளக்கு என மூன்று படிகளில் சைடர் வழிநடத்தப்படுகிறார். வேகம் குறைந்து சுழலும் ஸ்பிண்டிலை வேறுவகை ஒளியால் சுட்டுவதும் உண்டு. கண்டிப்பாகப் பார்த்தால் இது முழுமையான தகவமைவு ஆகாது; அதன் முதற்படி எனலாம். எந்தப் பக்கத்தில் அறுதல் மிகுதியோ அப்பக்கத்திற்கு முதலிடம் தந்து, சைடரின் சுற்றுவழியை அவ்வப்போது மாற்றித் தரும் அமைப்பு அடுத்த படி.

இங்கு ஒரு நுட்பம் உள்ளது. டிராவலர் நின்றதை உணரும் கருவி, அறுந்த இழைநார் எங்கே போகிறது என்பதை உணர்வதில்லை. வழக்கமாக அதனை உறிஞ்சுகுழாய் இழுத்துக்கொள்ளும். கழிவு சேரும், அவ்வளவே. சிலவேளைகளில் நார் உருளையைச் சுற்றிக்கொள்ளும். ஆலையில் இதனை ‘லேப்பிங்’ என்பர். இது வளர்ந்தால் பக்கத்து இழைகளும் அறும், உருளையும் கெடும். இரண்டு அறுதல்களுக்கும் விளக்கு ஒன்றே. அனுபவமுள்ள சைடரோ தொலைவிலிருந்தே லேப்பிங்கைக் கண்டு, அருகிலுள்ள சாதாரண அறுதலை விட்டு அங்கே விரைவார். அறுதலின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வழி வகுக்கும் அமைப்பு இவ்வறிவைப் பிழை எனப் பதிவுசெய்யும்.

இதே நுட்பத்தின் கொடிய வடிவத்தை 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் காண்கிறோம். ஒரு நிவாரண வால்வு திறந்தநிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கோ அணைந்துவிட்டது. அது வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. மூடுமாறு கட்டளை சென்றதையே காட்டியது. வால்வு மூடியது என்று இயக்குபவர்கள் கொண்டனர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உண்மையை உணர்த்தியிருக்கக்கூடிய அழுத்தமானி பலகையின் பின்புறத்தில் இருந்தது. நூற்பாலையின் சிறு விளக்கும் அணுவுலையின் விளக்கும் விளைவில் ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும், கருவி அளப்பதும் மனிதர் அதிலிருந்து கொள்ளும் பொருளும் ஒன்றல்ல என்பதில் இரண்டும் உறவுடையவை. ஆகவே எந்த மதிப்பீடும், இந்த விளக்கு உண்மையில் எதை அளக்கிறது என்று முதலில் எழுதிவைத்துவிட்டுத் தொடங்குதல் வேண்டும். இதனைச் செய்யாத ஆய்வுகள் மிகுதி என்பது வருந்தத்தக்கது.

சராசரி மறைக்கும் மூன்று கணங்கள்

புதிய விளக்கு அமைப்பு பொருத்தப்பட்ட ஃபிரேமில், இழை அறுந்தது முதல் ஒட்டப்படும் வரையுள்ள காலம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆலை நிருவாகம் மகிழும். ஆய்வாளரும் ஒரு கட்டுரை எழுதலாம். அந்தச் சராசரிக்குள் பார்க்கவேண்டிய கணங்கள் மூன்று.

முதலாவது, இடைமுகம் மாறும் கணம். நூல் நிறைந்த காப்புகளை எடுத்துவிட்டு வெற்றுக் குழல்களைப் பொருத்தும் டாஃபிங் முடிந்து, இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கும்போது அறுதல்கள் திடீரெனக் கூடும். இதை நூற்பாலையின் எச்சரிக்கை வெள்ளம் எனலாம். பகுதி விளக்குகள் பலவும் ஒருசேர எரியும்போது விளக்கு எதையும் சொல்வதில்லை. தகவமைவு அமைப்பு இந்த வேளையில் சிலவற்றை மறைத்துச் சிலவற்றை முன்னிறுத்தும். அம்மாற்றம் நிகழ்ந்ததைச் சைடர் அறிவாரா? முன்பு எரியாத விளக்கு ‘அறுதல் இல்லை’ என்று பொருள்பட்டது. இப்போது அதே எரியாத விளக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்றும் பொருள்படுகிறது. ஒரே குறிக்கு இரு பொருள் தருவது வானூர்திகளின் தானியங்கிக் கருவிகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட இடர். விமானி தாம் ஒரு முறைமையில் இருப்பதாக எண்ண, கருவி வேறொரு முறைமையில் இருக்கும். டாஃபிங்குக்குப் பிந்தைய சில நிமிடங்களைத் தனியே பிரித்து அளக்காமல் எட்டு மணி நேர ஷிப்டு முழுவதற்கும் ஒரே சராசரி எடுப்பது, இவ்விடரை இல்லாததாக்கிவிடும்.

இரண்டாவது, இடைமுகம் தவறும் கணம். 1993-இல் ராஜா பரசுராமன், ராபர்ட் மொல்லாய், இந்திரமணி சிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்தவாறு ஒரு தானியங்கியையும் கண்காணிக்குமாறு பங்கேற்பாளர்கள் பணிக்கப்பட்டனர். தானியங்கியின் நம்பகத்தன்மை மாறாது நிலையாக இருந்தபோது அதன் தவறுகளைக் கண்டறியும் திறன் மிகவும் குறைந்தது; நம்பகத்தன்மை ஏறியிறங்கியபோது கண்டறிதல் மேம்பட்டது. நன்றாக உழைக்கும் கருவியே கண்ணை உறங்கவைக்கிறது. எனவே, தவறாத இடைமுகத்தை மட்டும் வைத்துச் செய்யப்படும் மதிப்பீடு அதன் சிறப்பை அளக்கும். அதன் இடரை அளக்காது. சோதனையின்போது அமைப்பு ஒருசில முறையேனும் தவறுமாறு செய்து, சைடர் அதனைக் கண்டாரா, எவ்வளவு நேரத்தில் கண்டார் என்று பார்த்தல் வேண்டும். மிகுதியாகத் தவறச் செய்தாலோ அவர் எச்சரிக்கையாகிவிடுவார்; அது நாள்தோறும் நிகழும் நிலையன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தேர்வது ஆய்வாளரின் பொறுப்பு. அதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை.

மூன்றாவது, இடைமுகம் இல்லாத கணம். தானியக்கத்தின் முரண்நகைகளைப் பற்றி 1983-இல் எழுதிய லிசான் பெயின்பிரிட்ஜ், எளிய வேலையைக் கருவி எடுத்துக்கொண்டு கடினமான வேலையை மனிதருக்கு விட்டுவைக்கும்போது, அக்கடினத்தைச் சமாளிக்கும் பயிற்சியையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது என்றார். விளக்கைப் பின்தொடர்ந்தே ஆறு மாதம் நடந்த சைடர், விளக்கு பழுதான ஃபிரேமில் முன்போல அறுதல்களைக் கண்டுபிடிப்பாரா? இது சோதிக்க எளிதான கேள்வி. விளக்குகளை ஒரு ஷிப்டுக்கு அணைத்துவிட்டால் போதும். ஆயினும் கருவியை விற்பவருக்கும் வாங்கியவருக்கும் இச்சோதனையில் ஆர்வம் இருப்பதில்லை. ஆய்வாளர் கேட்டால்தான் உண்டு. புதிதாகச் சேர்ந்து, விளக்கு இல்லாத ஃபிரேமைப் பார்த்தே அறியாத பெண்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. அவர்களிடம் இழப்பதற்குப் பழைய திறன் இல்லை. அது உருவாகவே இல்லை.

அளவுகோல்களும் தமிழும்

இயக்குபவரின் பணிச்சுமையை அளக்க உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது 1988-இல் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லேண்டும் முன்வைத்த நாசா பணிச்சுமைக் குறியீடு. மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, சலிப்பு என ஆறு கூறுகளுக்கு இயக்குபவரே மதிப்பெண் இடுவார். இதனைத் தமிழில் பெயர்ப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் ‘உழைப்பு’ என்பதையும் ‘முயற்சி’ என்பதையும் பேச்சுத் தமிழில் வேறுபடுத்திக் கேட்பது கடினம். இரண்டுக்கும் ஒரே விடை வரும். ஆறாவது கூறாகிய சலிப்பு இன்னும் சிக்கலானது. மூலத்தில் அது எரிச்சல், மனவுளைச்சல், ஊக்கமிழத்தல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது. சலிப்பு என்று கேட்டால் ‘போரடிக்கிறதா’ என்று மட்டுமே புரிந்துகொள்ளப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கேள்விக்கும் ‘பழகிப்போச்சு’ என்ற விடை வரக்கூடும். ஆலையில் சில நாள் பேசிப் பார்த்த எவருக்கும் இச்சொல் அறிமுகமானதே. இதனைக் குறைந்த பணிச்சுமை என்று பதிவுசெய்வது பெரும்பிழை. சுமை குறையவில்லை, அதைப் பற்றிப் பேசுவதில் பயன் காணவில்லை என்பதும் அதன் பொருளாகலாம். நூற்றுக்கு எத்தனை என்று கேட்பதைவிட, ‘நேற்று விளக்கில்லாத ஃபிரேமில் நின்றீர்கள், இன்று விளக்குள்ள ஃபிரேமில்; எதில் கால் வலி கூடுதல், எதில் கண் வலி கூடுதல்’ என்று இரண்டை ஒப்பிடச் சொல்வதே இவ்விடத்துக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதுவும் தமிழில் மட்டும் போதாது. இன்று இவ்வாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் பணிபுரிகின்றனர்.

சூழல் விழிப்பை அளக்க மைக்கா எண்ட்ஸ்லி உருவாக்கிய முறை மற்றொன்று. பாவனைக் கருவியை நடுவில் நிறுத்தி, திரைகளை வெறுமையாக்கி, ‘இப்போது நிலை என்ன, அடுத்து என்ன நிகழும்’ என்று கேட்பது அது. ஓடும் ரிங் ஃபிரேமை அவ்வாறு நிறுத்த இயலாது. ஆனால் சுற்றின் முடிவில் சைடரை இயந்திரத்துக்கு முதுகு காட்டி நிற்கச்செய்து, எந்தப் பக்கத்தில் அறுதல் கூடுகிறது, திரும்பத் திரும்ப அறுக்கும் ஸ்பிண்டில்கள் எவை என்று கேட்கலாம். விளக்கோடு பணிபுரிபவர் வேகமாக ஒட்டியிருப்பார். ஆனால் தம் பக்கத்தைப் பற்றிய முழுப்படம் அவர் மனத்தில் இருக்குமா என்பதை இக்கேள்வியே வெளிப்படுத்தும். ஒரே ஸ்பிண்டில் மீண்டும் மீண்டும் அறுப்பதைப் பராமரிப்புப் பணியாளரிடம் முதலில் சொல்பவர் பெரும்பாலும் சைடரே. அச்செய்தி நின்றுபோனால், ஒட்டும் வேகம் கூடியதனால் ஆலைக்குக் கிடைத்த ஆதாயம் வேறொரு வழியில் கரைந்துவிடும்.

களச் சோதனையின் சிக்கல்கள்

நூற்பாலையில் அறுதல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்வதால் புள்ளியியலுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நூலின் எண் மாறினாலும், பஞ்சுக் கலவை மாறினாலும், கூடத்தின் ஈரப்பதம் குறைந்தாலும் அறுதல் மாறும். வறண்ட காற்று வீசும் மாதத்தில் பழைய முறையையும், ஐப்பசி மழையில் புதிய முறையையும் அளந்துவிட்டு இடைமுகத்தைப் புகழ்வது அறியாமை. ஒரே சைடர், ஒரே நூல் எண், இரு முறைகளும் மாறி மாறி, பாதிப்பேர் விளக்கில் தொடங்க மறுபாதிப்பேர் விளக்கில்லாமல் தொடங்குவது என்னும் குறுக்குமாற்று வடிவமே இங்குப் பொருந்தும். இரவு ஷிப்டைத் தவிர்க்கக் கூடாது. ஆய்வாளர்கள் பகலில் மட்டும் ஆலைக்குச் செல்வது வசதி. இயக்குபவரின் விழிப்பு தளர்வதோ விடியலுக்கு முன்.

கருவி மட்டும் மாறி, பணியின் அமைப்பு மாறாவிட்டால் என்னவாகும் என்பதற்கு இந்தியாவிலேயே சிறந்த முன்னுதாரணம் உள்ளது. அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தபோது எதிர்பார்த்த உயர்வு கிட்டவில்லை. தவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953-இல் அங்கே பணியைப் பார்த்தார். தறி ஒன்றே, ஆனால் அதைச் சுற்றியுள்ள வேலைகள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒருவருக்கொருவர் உறவின்றிக் கிடந்தன. ஒரு குறிப்பிட்ட தறித்தொகுதிக்குப் பொறுப்பான சிறு குழுக்களாகத் தொழிலாளர்கள் அமைக்கப்பட்டபின் உற்பத்தியும் தரமும் மேம்பட்டன. இவ்வனுபவத்தை அவர் 1958-இல் நூலாக வெளியிட்டார். சைடருக்கு வழிகாட்டும் விளக்கை மதிப்பிடும்போதும் டாஃபிங் குழு, பராமரிப்பாளர், மேற்பார்வையாளர் ஆகியோருடனான உறவைச் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதற்கு அகமதாபாத் ஒரு சான்று. 1956-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஆலைகளின் உற்பத்தித்திறனையும் பணியளவையும் நெடுங்காலமாக ஒப்பிட்டுவருகிறது. இடைமுக ஆய்வுக்கான அடித்தளம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது என்பது இதனால் புலப்படும்.

அரிய நாளுக்கான மதிப்பீடு

மீண்டும் மலைக்கு வருவோம். கம்பிவட ஊர்திகளில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டு, ஓர் எல்லைக்குமேல் எச்சரிக்கையும், அதற்கும் மேல் நிறுத்தமும் என வரையறுப்பது உலக வழக்கம். இங்கே பிழை இருவகைப்படும். நிறுத்தவேண்டியபோது நிறுத்தாமை ஒன்று. தேவையின்றி நிறுத்துதல் மற்றொன்று. இரண்டாவதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மலைமேல் முதியோரும் கைக்குழந்தையோடு வந்தோரும் சிக்கிக்கொள்வர். இழுவை இரயிலின் வரிசை நீளும். நிறுத்துதலே எப்போதும் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையன்று. 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலையில் கம்பிவட ஊர்தி விபத்துக்குள்ளாகி நின்றபோது, பயணிகள் 40 மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் தவித்தனர்; விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. பெட்டிகளை மெதுவாக நிலையத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நிறுத்துவதற்கும், நடுவழியில் நிறுத்துவதற்கும் இடையே இயக்குபவர் எடுக்கும் முடிவில்தான் அவரது திறன் உள்ளது.

இவ்விடத்தில் ஒரு தகவமைவுத் திரை என்ன செய்யக்கூடும்? தைப்பூசக் கூட்டத்தில் வரிசை, பெட்டி எடை, கதவு நிலை எனத் தகவல்கள் பெருகும்போது சிலவற்றைச் சுருக்கி, காற்றை முன்னிறுத்தலாம். அல்லது, அமைதியான வேளையென்று கருதிக் காற்றின் அளவைச் சிறியதாக்கி ஓரத்தில் வைக்கலாம். முதலாவது உதவி, இரண்டாவது இடர். காற்று, கம்பிவடத்தின் இழுவிசை, நிறுத்தும் பொத்தான் ஆகியன எந்நிலையிலும் இடம்மாறவோ மறையவோ கூடாதவை என்று முதலிலேயே வரையறுத்துவிட்டு, எஞ்சியவற்றில் மட்டும் தகவமைவை அனுமதிப்பதே முறை. மதிப்பீடு என்பது கட்டிமுடித்தபின் செய்யும் வேலையன்று என்பதற்கு இவ்வரையறை ஓர் எடுத்துக்காட்டு.

நூற்பாலையில் செய்ததுபோல் இங்கே களத்தில் தவறச்செய்து பார்க்க இயலாது. அரிய நாளைப் பாவனைக் கருவியில் உருவாக்கவேண்டும். தமிழகத்துக்கு இது புதிதன்று. கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலை இயக்குபவர்களுக்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் முழு அளவுப் பாவனைக் கருவியை உருவாக்கியது. அனல்மின் நிலைய இயக்குபவர்களுக்கு நெய்வேலியிலுள்ள தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனம் பயிற்சி தருகிறது. ஒரு மலைக்கோயில் ஊர்திக்கு அத்தகைய பெருஞ்செலவு தேவையில்லை. காற்றின் பழைய பதிவுகளைக் கொண்டு ஒரு மேசைக் கணினியில் ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றை மீண்டும் ஓட்டிக் காட்டலாம். ஆண்டுப் பராமரிப்புக்காக ஊர்தி நிற்கும் வாரங்கள் இதற்கு ஏற்ற காலம். இயக்குபவர் சிலரே இருப்பர். ஐவரையோ அறுவரையோ வைத்துச் சராசரியும் பிழைவிலக்கமும் கணக்கிடுவது பொருளற்றது. ஒவ்வொருவரும் எந்தத் தகவலை எப்போது பார்த்தார், எதைப் பார்க்கத் தவறினார், ஏன் அந்த நொடியில் நிறுத்தினார் என்று அவரோடு அமர்ந்து பதிவைத் திரும்பப் பார்ப்பதே பயன்தரும். புள்ளியியல் இல்லாத இத்தகைய ஆய்வை இதழ்கள் சில ஏற்கத் தயங்குகின்றன. அதனால், ஆய்வாளர்கள் மாணவர்களை இயக்குபவராக அமர்த்தி எண்ணிக்கையைக் கூட்டுகின்றனர். காற்றை ஒருநாளும் எதிர்கொண்டிராத முப்பது மாணவர்களின் சராசரியைவிட, இருபது ஆடிகளைக் கண்ட ஒருவரின் தயக்கம் மதிப்புமிக்கது.

யாருடைய தரவு?

இயக்குபவருக்கு ஏற்ப மாறவேண்டுமாயின், அமைப்பு அவரை அளந்தாக வேண்டும். எங்கே நிற்கிறார், எவ்வளவு வேகமாக நடக்கிறார், எந்த நேரத்தில் தளர்கிறார் என்பவை திரையைச் சரிசெய்ய உதவும் தரவுகள். அதே தரவுகள் மேற்பார்வையாளரின் மேசைக்குச் சென்றால் தண்டனைக்கான ஆவணமாகும். கம்பிவட ஊர்தியின் இயக்குபவருக்கு இவ்வச்சம் சிறிது. ஆலை விடுதியில் தங்கிப் பணிபுரியும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பெரிது. 2023-இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் பெறாமலேயே தரவைக் கையாள இடமளிக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி ஆய்வாளர் ஆலைக்குள் நுழைதல் போதாது.

இது அறநெறி பற்றிய பின்னிணைப்பு அன்று. மதிப்பீட்டின் செல்லுபடியையே பாதிப்பது. தாம் அளக்கப்படுகிறோம் என்றறிந்த சைடர், விளக்கு தவறென்று தெரிந்தாலும் விளக்கின்படியே நடப்பார். லேப்பிங்கைப் பார்த்தும் பாராமல், ஒளிரும் ஸ்பிண்டிலுக்குச் செல்வார். பதிவில் அவரது செயல் குறையற்றதாகத் தோன்றும். இடைமுகமும் சிறந்ததென்று முடிவாகும். எனவே சோதனைக்கு முன்பே, பதிவுகள் ஃபிரேம்வாரியாகவே சேமிக்கப்படும், ஆள்வாரியாக அல்ல என்று நிருவாகத்திடம் எழுத்தில் பெறவேண்டும். அவ்வெழுத்தைப் பணியாளருக்கு அவரவர் மொழியில் படித்துக்காட்டவேண்டும். பங்கேற்க மறுப்போரின் பெயர் மேற்பார்வையாளருக்குச் செல்லாதவாறு பார்க்கவேண்டும்.

இவற்றோடு, விளக்கு வழிகாட்டுதலை அணைத்துவைக்கும் விசை ஒன்றைச் சைடரின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தக் கோரலாம். அமைத்துக்கொள்ளத்தக்க திரைக்கும் தானே மாறும் திரைக்கும் இடையே தொடக்கத்தில் கண்ட வேறுபாடு இங்கே ஒரு கருவியாகிறது. அவ்விசை எந்த ஷிப்டில், டாஃபிங் முடிந்த எத்தனையாவது நிமிடத்தில், எத்தனை முறை அணைக்கப்பட்டது என்ற எளிய எண்ணிக்கை, வினாத்தாளுக்கு வராத விடைகளைத் தரும்.